தொட்டியில் இருந்த 3 லிட்டர் யாருடைய தண்ணீர்?

லயத்து மருமகள் | திங்கள், இரவு 9.14

நேற்று சலவை மிஷின் திரியில் ஏர்கோன் மணி எழுதியது இது: "டிஹியூமிடிஃபையர் வாங்கித் துணி காயவைப்பது காசைக் கரியாக்கும் வேலை. தொட்டியில் நிறைவது துணித் தண்ணீர் இல்லை, வெளிக்காற்றுத் தண்ணீர்." டிஹியூமிடிஃபையர் என்றால் அறைக் காற்றின் ஈரத்தைப் பிடித்துத் தண்ணீராகத் தொட்டியில் விடும் மிஷின். மணி எழுதியதற்குப் பலர் தலையாட்டியிருந்தார்கள். பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தனித் திரி.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில். பின்வேலியைத் தாண்டினால் செம்பனை. இரண்டு கட்டை (மைல்) தள்ளி செம்பனை எண்ணெய் ஆலை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கொடியில் கிடக்கும் வெள்ளைச் சீருடையின் தோள்பட்டையில் மிளகுப்பொடி தூவியது போலக் கரி விழும். தட்டினால் போகாது, தேய்த்தால் சாம்பல் கோடாக இழுக்கும். அக்டோபர், நவம்பரில் மதியம் தாண்டினால் இடி, மழை. மூன்று பிள்ளைகளின் சீருடையை எங்கே காயவைப்பது?

சனிக்கிழமை நிறுத்தே பார்த்துவிட்டேன். என் மாமனார் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்ப் பால்) நிறுத்த தொங்கு தராசு இன்னும் வீட்டில் இருக்கிறது. சலவை மிஷினில் பிழிந்து எடுத்த துணி 7.4 கிலோ. பின்னறையில் கதவைச் சாத்தி, ஜன்னலுக்கு மேலே இருக்கும் காற்றுத் துளைகளை அட்டை வைத்து அடைத்து, 20 லிட்டர் டிஹியூமிடிஃபையரை 6 மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு காற்றாடியும் துணிப்பக்கம் திருப்பி வைத்தேன். எடுக்கும்போது துணி 4.9 கிலோ. தொட்டியில் 3 லிட்டர்.

துணியிலிருந்து போனது 2.5 கிலோ தண்ணீர். மீதி அரை லிட்டர்தான் காற்றுடையது. இது எப்படி வெளிக்காற்றுத் தண்ணீர் ஆகும் என்று மணி இங்கே வந்து சொல்லட்டும்.

ஏர்கோன் மணி | திங்கள், இரவு 9.41

வந்துவிட்டேன் அக்கா. 18 வருஷமாக ஏர்கோன் கழற்றி மாட்டுகிறேன். ஒட்டுப்பால் தராசில் அரைக் கிலோ முன்னே பின்னே காட்டும் என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து 2.5 என்று புள்ளி போட்டுச் சொல்கிறீர்கள்.

இன்னொன்று. மிஷின் பெட்டியில் போட்டிருக்கும் 20 லிட்டர், 30 டிகிரி சூட்டில் 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் வரும் கணக்கு. அறை காயக் காய அது பாதியளவுக்கு இறங்கிவிடும். 6 மணி நேரத்தில் 3 லிட்டர் வந்தது என்றால், காற்று வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த 3 லிட்டர் வெளிக்காற்றுடையது.

லயத்து மருமகள் | திங்கள், இரவு 9.58

20 லிட்டர் மிஷின் 6 மணி நேரத்தில் 5 லிட்டர் வரை பிடிக்கும். எனக்கு வந்தது 3. நீங்கள் சொல்வது போல இறங்கித்தான் வந்திருக்கிறது. உங்கள் கணக்கே என் பக்கம் நிற்கிறது.

அறைக் கணக்கும் போட்டு வைத்திருக்கிறேன். 10 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி, 28 கன மீட்டர். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று நிறைய நிறையப் பிடித்தாலும் 30 கிராம் தண்ணீர்தான் பிடிக்கும். ஈரப்பதம் 80லிருந்து 50க்கு இறங்கினால் அறைக் காற்றிலிருந்து வருவது கால் லிட்டர். வெறும் கால் லிட்டர்! பாக்கி எங்கிருந்து வந்தது? துணியிலிருந்து.

செம்பனைச் சாலை | திங்கள், இரவு 10.05

முதலில் எல்லோரும் எந்த மிஷினைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று சொல்லுங்கள். கம்ப்ரசர் வைத்தது வேறு. ஆன்லைனில் நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) விற்கும் சின்ன டப்பா வேறு, அதில் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வந்தால் அதிகம். நான் அந்தச் சின்னதை வாங்கி ஏமாந்தவன். இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டு விற்கிறார்கள்.

தைப்பிங் மழை | திங்கள், இரவு 10.11

சுங்கை சிப்புட்டில் பெய்வதெல்லாம் மழையா? தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர் எங்களுடையது. இங்கே காலணிக்குள்ளே பூஞ்சணம் பூக்கும். நான் நாக்கோ (பட்டைக் கண்ணாடி ஜன்னல்) கண்ணாடியைத் திறந்து வைத்துத்தான் மிஷின் போடுகிறேன். துணி காய்கிறது. அடைக்க வேண்டும் என்பதெல்லாம் சும்மா.

லயத்து மருமகள் | திங்கள், இரவு 10.20

நாக்கோவைத் திறந்து வைத்து ஓட்டினால் தைப்பிங் லேக் கார்டன் முழுவதையும் காயவைக்கப் பார்க்கிறீர்கள் என்று பொருள். உங்கள் தொட்டியில் வருவதுதான் மணி சொல்லும் வெளிக்காற்றுத் தண்ணீர். உங்களைப் போன்றவர்களை வைத்துத்தான் அவர் ஊரையே எடை போடுகிறார்.

புகைக்கூடத்தார் | செவ்வாய், காலை 6.30

பசியாறிவிட்டு எழுதுகிறேன். நான் ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் ஸ்மோக் ஹவுஸில் 22 வருடம் இருந்தவன். ரப்பர் ஷீட்டை எப்படிக் காயவைப்போம் என்று இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து, தண்ணீர் சொட்டவிட்டு, பிறகு கம்பில் தொங்கவிடுவோம். முதல் நாள் மேல் கதவை நன்றாகத் திறந்து வைப்போம். ஈரம் வெளியே போகவேண்டும். சூட்டை 45 டிகிரி பக்கம் வைத்து, நாளுக்கு நாள் ஏற்றி, கடைசியில் 60. நாலைந்து நாளில் ஷீட் தேன் நிறத்துக்கு வந்துவிடும். முதல் நாளே கதவை அடைத்தால் ஷீட்டில் கொப்புளம் வரும், தரம் இறங்கும், துரை கத்துவார்.

அதனால் துளையை அடைத்தேன் என்று பெருமைப்படாதே அம்மா. காய வேண்டிய பொருளுக்குக் காற்றோட்டம் வேண்டும்.

லயத்து மருமகள் | செவ்வாய், காலை 7.02

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. என் மாமனாரும் பால்மரக்காரர்தான். ஆனால் ஸ்மோக் ஹவுஸில் ஈரத்தைப் பிடிக்க எதுவும் இல்லை. நெருப்பு ஈரத்தைக் கிளப்பும், அது போக ஒரு வழி வேண்டும், அதனால் மேல் கதவைத் திறந்தீர்கள். என் அறையில் ஈரம் போக வேண்டிய வழி மிஷினுக்குள்ளேயே இருக்கிறது. குளிர்ந்த கம்பிச்சுருளில் பட்டுத் தண்ணீராகித் தொட்டியில் விழுகிறது. துளையைத் திறந்தால் உள்ளே இருப்பது வெளியே போகாது, வெளியே இருக்கும் மழை ஈரம்தான் உள்ளே வரும்.

அதையும் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அட்டையை எடுத்துவிட்டு, அதே துணியை நனைத்து, அதே சலவை மிஷினில் பிழிந்து, டிஹியூமிடிஃபையரை அதே 6 மணி நேரம் ஓட்டினேன். தொட்டியில் 3.9 லிட்டர். துணியில் குறைந்தது 1.9 கிலோ. ஜீன்ஸ் இடுப்புப் பட்டியும் சீருடைக் காலரும் கைக்கு ஜில்லென்று இருந்தன. தண்ணீர் கூடியது, துணி காயவில்லை.

ஏர்கோன் மணி | செவ்வாய், காலை 7.15

பார்த்தீர்களா, அவரே சொல்லிவிட்டார்! 3.9 லிட்டரில் 2 லிட்டர் வெளிக்காற்று. இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

லயத்து மருமகள் | செவ்வாய், காலை 7.19

அது துளை திறந்த நாள். நான் கேட்பது அடைத்த நாள். அந்த 3 லிட்டர் யாருடைய தண்ணீர்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அஞ்சடிக் கொடி | செவ்வாய், காலை 8.47

இவர் சொல்வதை நம்பி நடப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போன வருடம் பூஞ்சணக் கறைக்கு வினிகர் ஊற்று என்று இதே லயத்து மருமகள்தான் எழுதினார். என் மகளின் தீபாவளி பாவாடை சாயம் விட்டு ஓடியது. அதற்கு இன்றுவரை ஒரு மன்னிப்பு வரவில்லை. இப்போது தராசைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நான் அஞ்சடியில் (வீட்டு முன் நடைபாதை) கூரைக்குக் கீழே கொடி கட்டியிருக்கிறேன். கரண்டு இல்லை, தொட்டி இல்லை, இரண்டு நாளில் காய்கிறது.

லயத்து மருமகள் | செவ்வாய், காலை 9.03

பட்டுப் பாவாடையில் ஊற்றச் சொல்லவில்லை. பருத்தி என்று எழுதியிருந்தேன், திரியில் இன்னும் இருக்கிறது. இரண்டு நாளில் காய்கிற துணியில் ஈரவாடை அடிக்கும், போட்டு வியர்த்ததும் திரும்ப நாறும். என் நடுப்பிள்ளை பள்ளியில் பக்கத்துப் பெஞ்சுக்காரன் மூக்கைப் பிடித்தான் என்று அழுதுகொண்டே வந்தான். அந்த நாளில்தான் நான் மிஷின் வாங்கினேன். இது எனக்கு விளையாட்டு இல்லை.

அஞ்சடிக் கொடி | செவ்வாய், காலை 9.10

பட்டு என்று யார் சொன்னது? பருத்திப் பாவாடைதான்.

தைப்பிங் மழை | செவ்வாய், மதியம் 12.36

கரண்டுப் பில்லைப் பற்றி யாரும் பேசவில்லையே. 300 யூனிட்டைத் தாண்டினால் யூனிட்டுக்கு 51.6 சென். டோபிக் கடையில் 5 வெள்ளி போட்டால் அரை மணியில் சூடாகக் கையில் வருகிறது.

லயத்து மருமகள் | செவ்வாய், மதியம் 1.05

51.6 சென் பழைய கணக்கு தம்பி. 2025 ஜூலையிலிருந்து முறையே மாறிவிட்டது. எரிசக்திக்கு 27.03, கொள்ளளவுக்கு 4.55, கட்டமைப்புக்கு 12.85 சென். கூட்டினால் 44.43. குறைவாகப் பயன்படுத்துபவர்களுக்குக் கழிவு வேறு. என் மிஷின் 350 வாட். 6 மணி நேரத்துக்கு 2.1 யூனிட், 93 சென். காற்றாடியைச் சேர்த்தாலும் ஏறக்குறைய ஒரு வெள்ளி. வாரம் மூன்று தடவை டோபிக்குப் போனால் 15 வெள்ளி, பெட்ரோல் தனி, மழையில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது தனி.

ஏர்கோன் மணி | செவ்வாய், மாலை 6.22

ஒரு வெள்ளி என்கிறீர்கள், சூட்டைச் சொல்லவில்லை. ஒரு லிட்டர் ஆவி தண்ணீராகும்போது ஏறக்குறைய 0.68 யூனிட் சூட்டை வெளியே விடும். 3 லிட்டருக்கு 2 யூனிட். மிஷின் தின்ற 2.1 யூனிட்டும் சூடாகத்தான் அறைக்குள் விழுகிறது. ஏர்கோன் சூட்டை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டும். உங்கள் மிஷின் உள்ளேயே கொட்டும். அந்த அறையில் பிள்ளையைப் படுக்கவைக்க முடியுமா?

லயத்து மருமகள் | செவ்வாய், மாலை 6.50

பின்னறையில் யாரும் படுப்பதில்லை. சூடு வரட்டும், துணி சீக்கிரம் காயும். அதோடு, ஆவி தண்ணீராகும்போது விடும் சூட்டைத் துணியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது திரும்ப வாங்கிக்கொள்கிறது. 2.5 லிட்டருக்கு அது சரிக்குச் சரி. இதை ஏர்கோன்காரர் நீங்கள் மறந்துவிட்டீர்களே?

இப்போது பாருங்கள். சூடு என்றீர்கள், தராசு என்றீர்கள், பெட்டியில் போட்ட கணக்கு என்றீர்கள். அடைத்த அறையில் வந்த 3 லிட்டருக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

செம்பனைச் சாலை | செவ்வாய், இரவு 8.15

மறுபடியும் கேட்கிறேன். கம்ப்ரசரா, சின்ன டப்பாவா? படிக்கிறவர்கள் நாளைக்கே போய்ச் சின்னதை வாங்கிவிடுவார்கள். என் 89 வெள்ளி போனது போதும்.

புகைக்கூடத்தார் | செவ்வாய், இரவு 8.40

எந்த மிஷினாக இருந்தாலும் காற்றோட்டம் வேண்டும். அந்தத் துளைகளை வீடு கட்டியவன் சும்மா வைக்கவில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருக்கும், ராத்திரி நெருப்புக் கரி வாடை முதற்கொண்டு போய்விடும். பிள்ளைகள் இருமாமல் வளர்ந்தார்கள். அதை அட்டை வைத்து அடைக்கிறீர்கள்.

லயத்து மருமகள் | செவ்வாய், இரவு 8.58

6 மணி நேரத்துக்குத்தான் ஐயா. முடிந்ததும் எடுத்துவிடுகிறேன். அட்டைக்குக் கயிறு கட்டியிருக்கிறேன், ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும்.

புகைக்கூடத்தார் | செவ்வாய், இரவு 9.04

முதல் நாள் மேல் கதவைத் திறக்க வேண்டும். நான் அவ்வளவுதான் சொல்வேன்.

ஏர்கோன் மணி | செவ்வாய், இரவு 9.30

ஐயா சொன்னதுதான் சரி. துளை இல்லாத தாமான் வீடு இந்த ஊரில் எத்தனை? நூறு வீட்டில் ஒருவர்கூட அட்டை வெட்டி அடைக்கப்போவதில்லை. துளை திறந்திருக்கும் வீட்டில் தொட்டியில் விழுவது வெளிக்காற்றுத் தண்ணீர். நான் எழுதியதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

லயத்து மருமகள் | செவ்வாய், இரவு 9.47

நீங்கள் எழுதியது "துணித் தண்ணீர் இல்லை" என்று. துளை திறந்த வீட்டில் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. மேலே எடுத்துப் போட்டிருக்கிறேன், எல்லோரும் படித்துக்கொள்ளட்டும். 7.4 கிலோவில் போட்டதை 4.9 கிலோவில் எடுத்தேன். தொட்டியில் 3 லிட்டர். சனிக்கிழமை மறுபடி நிறுக்கப்போகிறேன். பக்கத்து வீட்டு மீன்காரரிடம் டிஜிட்டல் தராசு கேட்டிருக்கிறேன், இரண்டிலும் நிறுப்பேன். மணி வருவதானால் மாலை 4 மணிக்கு வரலாம், தொட்டியை அவரே எடுத்து அளக்கட்டும்.

அஞ்சடிக் கொடி | செவ்வாய், இரவு 9.52

பாவாடைக்குப் பதில் வரவில்லை.

ஏர்கோன் மணி | செவ்வாய், இரவு 10.03

சனிக்கிழமை எனக்கு ஈப்போவில் வேலை. வந்தாலும் முதலில் அந்த அட்டையைத்தான் எடுப்பேன்.