பொருள்: நறுமண ஹைட்ரோகார்பனா, பகிர்வளைய ஹைட்ரோகார்பனா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். பென்சீன் போன்ற வளைய அமைப்புள்ள, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சேர்மங்களை (‘அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்’) தமிழில் எப்படி அழைப்பது என்ற நம் கலைச்சொல் விவாதத்தில் எழுந்த கேள்விகளுக்கு இது என் விடை.

> ‘நறுமண ஹைட்ரோகார்பன்’ நெடுநாள் புழக்கத்தில் உள்ள சொல். அதை ஏன் இப்போது கலைக்க வேண்டும்?

புழங்கும் சொல்லைக் கலைப்பதில் எனக்கும் விருப்பம் இல்லை, ஐயா. ஆனால் இந்தச் சொல் வேதியியல் வகுப்பறையோடு நிற்பதில்லை. ‘பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்களில் சில புற்றுநோயை உண்டாக்குபவை’ என்று ஒரு நலவாழ்வுக் குறிப்பில் எழுதிப் பாருங்கள். வேதியியல் படிக்காத ஒருவர் வாசனைத் தைலத்தை நினைத்துக்கொள்வார். டீசல் புகை, சிகரெட், தீயில் கருகிய இறைச்சி, கீல் ஆகியவை அவர் மனத்தில் எழவே எழா. எச்சரிக்கை தவறான பொருளின்மேல் போய் விழுகிறது.

பூச்சி உருண்டையையே எடுத்துக்கொள்வோம். அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்த வெள்ளை உருண்டை நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வரும். ஈரமோ கறையோ இருக்காது. நாப்தலீன் உருகாமல் நேரே ஆவியாகித் துணியில் ஏறிவிடுகிறது. அந்தத் துணியில் சுற்றிய பச்சிளங்குழந்தைக்கு சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருந்தால், சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். இப்படிப்பட்ட பொருளின் உறையில் ‘நறுமண’ என்ற சொல் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. ‘நறு’ என்பது நன்மையைக் குறிக்கும் அடை. ‘மணச்சேர்மம்’ என்று மாற்றினாலும் பாதிக் கேடு அப்படியே இருக்கும்.

பழைய பெயருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. விளக்கெரிக்கும் வாயுவில் படிந்த எண்ணெயிலிருந்து ஃபாரடே 1825இல் பிரித்த அதே நீர்மத்தை, 1833இல் மிட்ஷெர்லிக் சாம்பிராணிப் பிசினுக்குரிய பென்சாயிக் அமிலத்திலிருந்து பெற்றார். பென்சீன் என்ற பெயரே அந்தப் பிசின் வழியாக வந்ததுதான். அந்தக் குடும்பத்தில் மணமுள்ளவை பல இருந்ததால் மணத்தையே அடையாளமாகக் கொண்டார்கள். வேதியியலாளர் கெக்குலே 1865இல் பென்சீனின் வளைய அமைப்பைச் சொன்ன பிறகு அடையாளம் மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. இன்று மூக்கை வைத்து யாரும் வகைப்படுத்துவதில்லை. ஆரஞ்சுத் தோலின் மணத்துக்குக் காரணமான லிமோனீன் இந்த வகையைச் சேர்ந்ததே அல்ல. குமட்டும் நாற்றமுள்ள பிரிடினோ, ஹைட்ரோகார்பன் இல்லாவிட்டாலும், வேதியியலின்படி ‘நறுமண’ச் சேர்மம்!

> பேசாமல் ‘அரோமேட்டிக்’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

ஆய்வுக்கூடத்துக்குப் போதும். பொதுவாசகர் ‘அரோமா’ என்ற சொல்லைச் சோப்பு உறையிலும் எண்ணெய்ப் புட்டியிலும் பார்த்துப் பழகியவர். சுற்றி வந்து அதே வாசனையில்தான் முட்டுவார்.

> ‘வளைய ஹைட்ரோகார்பன்’ எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான், ஆனால் சைக்ளோஹெக்சேனும் ஆறு கார்பன் வளையமே. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதற்பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றில், பென்சீன் இருக்கிறது, சைக்ளோஹெக்சேன் இல்லை. பென்சீன் கல்லீரலில் மாற்றமடைந்து, அந்த விளைபொருள்கள் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, இரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகின்றன. இரண்டையும் ஒரே பெயரில் அடைப்பது தவறு.

இரண்டையும் பிரிப்பது எது? பென்சீனில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி நிற்பதில்லை. ஆறு எலக்ட்ரான்கள் எந்த ஒரு பிணைப்புக்கும் தனிச்சொத்தாகாமல் வளையம் முழுவதற்கும் பொதுவாகிவிடுகின்றன. படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேல் 1929இல் ஹெக்சாமெத்தில்பென்சீன் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, அந்த வளையம் தட்டையான அறுகோணம் என்று காட்டினார். பென்சீனில் ஒவ்வொரு பக்கமும் 0.139 நானோமீட்டர், ஒற்றைப் பிணைப்பின் 0.154க்கும் இரட்டைப் பிணைப்பின் 0.134க்கும் இடைப்பட்ட நீளம். வளையத்தின் நிலைப்புக்குக் காரணம் இந்தப் பகிர்வுதான்.

ஆகவே என் பரிந்துரை: பகிர்வளையம். பகிர்வளையச் சேர்மம், பகிர்வளையத் தன்மை, பகிர்வளைய ஹைட்ரோகார்பன் என்று இயல்பாகக் கிளைக்கிறது. நாப்தலீன், பென்சோபைரீன் போல வளையங்கள் ஒட்டியவற்றுக்குப் பகிர்பல்வளைய ஹைட்ரோகார்பன் எனலாம். ‘பரவல் வளையம்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். நல்ல கருத்து, ஆனால் பேச்சில் ‘பரவளையம்’ என்று குறுகி, கணிதத்தில் ஏற்கெனவே உள்ள வளைகோட்டோடு மோதிவிடும். ‘பகிர்’ என்றால் சகப்பிணைப்போடு குழம்பாதா என்ற ஐயத்துக்கும் விடை உண்டு: சகப்பிணைப்பில் பங்கிடுபவை இரண்டு அணுக்கள், இங்கே பகிர்வது வளையம் முழுவதும். சொல்லிலேயே ‘வளையம்’ இருப்பதால் அந்த வேறுபாடு தெரிந்துவிடுகிறது.

ஒரு சொற்றொடரில் வைத்துப் பார்க்கிறேன்: ‘பெட்ரோலில் பென்சீன், தொலுயீன் உள்ளிட்ட பகிர்வளைய ஹைட்ரோகார்பன்கள் உள்ளன, எரிபொருள் நிரப்பும்போது ஆவியை முகராதீர்கள்.’ வாசனை குறுக்கே வரவில்லை. மாணவர்கள் பழைய நூல்களோடு பொருத்திப் பார்க்க, முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ‘அரோமேட்டிக்’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம்.

ஓர் இடம் இன்னும் முடியவில்லை. ஹூக்கல் விதிப்படி 2, 6, 10, 14 என்ற எலக்ட்ரான் எண்ணிக்கையில்தான் இந்த நிலைப்பு கிடைக்கும். சைக்ளோபியூட்டாடையீன் போல நான்கு இருந்தால் பகிர்வு நிலைப்பைக் குலைக்கும். அதனால் அது சதுரமாக இல்லாமல் நீள்சதுரமாகிறது. இப்படி நிலைப்பு குலையும் வளையத்தை ‘எதிர்ப்பகிர்வளையம்’ என்பதா, ‘பகிராவளையம்’ என்பதா? பின்னது அழகாக இருந்தாலும், வெறும் சைக்ளோஹெக்சேனுக்கும் பொருந்திவிடுகிறது. நான் முன்னதன் பக்கம். கரிம வேதியியல் நடத்தும் ஆசிரியர்கள் இதைப் பற்றி எழுதினால் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.