பூவரசங் கிண்ணம் வெடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

காட்பாடிக்காரன்: வீட்டு லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) 10 அங்குலக் கிண்ணம் கடைகிறேன். பச்சைக் கட்டை, உளி பட்டதும் சுருள் சுருளாக வருகிறது. ஆனால் நம்ம வேலூர் வெயிலுக்குக் காய்வதற்குள் விளிம்பு வெடித்துவிடுகிறது.

குடியாத்தம் கடைசல்: தம்பி, வெடிப்பு பெரும்பாலும் கட்டையின் மையத்திலிருந்துதான் கிளம்பும். நடுவாகப் பிளந்து அந்த மையத்தை எடுத்துவிடுங்கள். ஒரேயடியாக மெல்லிசாகக் கடையாதீர்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு 1 அங்குலம், சுவரில் கனம் விட்டு நிறுத்துங்கள். நார் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரியும் இரு பக்கமும் உருக்கிய மெழுகு தடவி, கடைந்த சுருளோடு காகிதப் பையில் போட்டு நிழலில் வையுங்கள். மின்விசிறிக் காற்று வேண்டவே வேண்டாம். காயக் காய முட்டை வடிவாகக் கோணும், பயப்படாதீர்கள். சில மாதம் கழித்துத் திரும்பக் கடைந்தால் வட்டம் நிற்கும்.

ஆரணி: அண்ணன் சொன்னது சரி. கையுறை மட்டும் போடாதீங்க, சுழலும் கட்டை இழுத்துக்கும். முகம் முழுக்க மூடுற கண்ணாடிக் கவசம் கட்டாயம்.

காட்பாடிக்காரன்: சரிண்ணே. மெழுகு வீட்டிலேயே இருக்கு, இன்றைக்கே பூசுகிறேன்.