மறுமொழி: மடிக்கணினியா, மடிகணினியா?

அன்புள்ள குழுவினருக்கு,

பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எண்பதுகளில் வந்த தூக்கிச்செல்லும் கணினிகள் பற்றி நான்கு பக்கம், பிளஸ் 1 மாணவர்களுக்கு. லேப்டாப், நோட்புக் என்பவற்றுக்குப் படங்களின் கீழே போடத் தமிழ்ச் சொற்கள் கேட்டுத்தான் போன வாரம் குழுவுக்கு எழுதினேன். விவாதம் சங்க இலக்கியம் வரை போய்த் திரும்பிவிட்டது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

> மடியில் வைப்பது மடிக்கணினி. மடிவதைக் குறித்தால் வினைத்தொகை, ஒற்று மிகாது.

புலவர் ஐயா சொல்வது சரி. மடியும் கணினி என்றால், ஊறுகாய், சுடுசோறு போல மடிகணினி. ஆனால் அந்த ஒரு 'க்' வெறும் சந்தி விவகாரம் இல்லை என்று எனக்குப் படுகிறது. படங்களைப் பாருங்கள்.

1983-இல் ரேடியோ ஷாக் என்ற அமெரிக்கக் கடை நிறுவனம் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100 கணினி மடியவே மடியாது. ஒரே பலகை. விசைகளுக்கு மேலே எட்டு வரித் திரை, வரிக்கு 40 எழுத்து. நான்கு பென்சில் பேட்டரியில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடும். பத்திரிகையாளர்கள் போன இடத்திலேயே மடியில் வைத்துத் தட்டி, தொலைபேசிக் கம்பி வழியே செய்தி அனுப்பினார்கள். இது அசல் மடிக்கணினி.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த கிரிட் காம்பஸ் நேர் எதிர். பில் மாக்ரிட்ஜ் வடிவமைப்பு. கீல் வைத்த திரை, விசைகளின் மேல் மூடிக்கொள்ளும். மக்னீசிய உடல், விலை 8,150 டாலர். நாசா இதை விண்ணோடத்தில் கொண்டுபோனது. ஆனால் உள்ளே பேட்டரி கிடையாது. பிளக் இல்லாத இடத்தில் வேலை செய்யாது. மடிகிறது, ஆனால் மடியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. இது மடிகணினி.

இரண்டு கருவிக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஒற்றால் காட்ட நம் மொழியில் முடிகிறது. இதை ஏன் விடவேண்டும்?

> 2011-இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதிலிருந்து அந்தச் சொல் வீடுவீடாகப் போய்விட்டது. 'க்' இல்லாவிட்டால் அச்சுப்பிழை என்பார்கள்.

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. மெய்ப்புத் திருத்தியவர் சிவப்பு மையில் 'க்' சேர்த்து, ஓரத்தில் கேள்விக்குறியும் போட்டிருந்தார். ஆனால் வகுப்பில் இரண்டையும் வாய்விட்டு வாசித்தபோது, ககரம் மெலிவதை மாணவர்களே கவனித்தார்கள். காது பிடித்துக்கொள்வதைக் கண்ணும் பழகிக்கொள்ளும்.

1981-இன் ஆஸ்போர்ன் 1 கணினி ஏறக்குறைய 11 கிலோ, ஐந்து அங்குலத் திரை. தூக்குச்சட்டியை நினைத்து 'தூக்குக்கணினி' என்றேன். தூக்குமேடை நினைவு வருகிறது என்று மூன்று பேர் எழுதினீர்கள். சரி, 'பெட்டிக்கணினி' என்றே போடுகிறேன்.

இனி நோட்புக் வகைக் கணினி. 1989-இல் காம்பாக் எல்டிஇ, தோஷிபா டைனாபுக் போன்றவை ஏறத்தாழ ஏ4 தாள் அளவுக்கு வந்தன. கையேடு என்றால் கருவியோடு வரும் விளக்கப் புத்தகம் என்றாகிவிடும். 'சுவடி' எனக்குப் பிடிக்கும், ஆனால் கட்டி வைத்த பழைய ஓலை கண்முன் வருகிறது. 'நோட்டுக்கணினி' என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். புலவர் ஐயா ஒப்பமாட்டார். என் விருப்பம் 'ஏட்டுக்கணினி'. ஏடு எழுதுவதற்கும் உரியது, பாலேடு போல மெல்லியதும்கூட. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியைக் காட்டி மறுத்தவருக்கு: பழமொழி சுரைக்காயைத்தான் குறை சொல்கிறது, ஏட்டை இல்லை.

பாடத் தலைப்பில் பெரும்பான்மைப்படி மடிக்கணினி. கிரிட் படத்தின் கீழே மட்டும் மடிகணினி, ஒரு வரி விளக்கத்தோடு. மெய்ப்புத் திருத்துநரிடமும் சொல்லிவிட்டேன். ஏட்டுக்கணினிக்கு இதுவரை என்னைச் சேர்த்து இரண்டே பேர். வியாழன் இரவு வரை வரும் மடல்களைப் பார்ப்பேன்.