தனுஷ்கோடியில எஸ்எஸ் 433-ன் காமாக் கதிர் சிக்குமா?

பாம்பன்_ராத்திரி:
எஸ்எஸ் 433 (கருந்துளைன்னு கருதப்படுற ஒண்ணும் ஒரு விண்மீனும் சுத்துற ஜோடி, ரெண்டு பக்கமும் தாரை பீய்ச்சுது) ஜூலை நடுராத்திரி நமக்கு 86 டிகிரி உயரத்துல, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல நிக்குது. தனுஷ்கோடி முனையில ஊர் வெளிச்சமும் கிடையாது. 1 மீட்டர் ஆடி, ஒரே ஒரு போட்டோமல்டிப்ளையர் குழாய் (மங்கலான ஒளியை மின்துடிப்பாப் பெருக்குறது) வச்சு, காமாக் கதிர் காத்துல கிளப்புற செரன்கோவ் ஒளியைப் பிடிச்சா போதுமா?

கச்சான்காத்து:
ஒளி மினுக்கல் சிக்கும் அண்ணே, ஆனா அது எஸ்எஸ் 433-ல இருந்துதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. 1 டெரா எலக்ட்ரான்வோல்ட் (லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றல் உள்ள காமா 10 கி.மீ. உயரத்துல துகள் மழையா உடையும். சில நானோசெகண்ட் நீல ஒளி, தரையில சுமார் 120 மீட்டர் ஆரத்துக்கு விழும். விண்வெளியில எல்லாத் திசையிலயும் இருந்து வர்ற காஸ்மிக் கதிர் புரோட்டானும் இதையேதான் செய்யும், அதுவும் பல மடங்கு அதிகமா. காமாவோட பிம்பம் ஒல்லியான நீள்வட்டம், புரோட்டானோடது சிதறல். அதைப் பிரிக்க படம் வேணும், ஒத்தைக் குழாய் எண்ணிக்கைதான் தரும். லடாக்கின் ஹான்லேயில இருக்கிற மேஸ் காமாத் தொலைநோக்கிக்கு 21 மீட்டர் ஆடி, 1088 குழாய். நமீபியாவுல காமாத் தொலைநோக்கிகள் வச்சிருக்கிற ஹெஸ் குழு எஸ்எஸ் 433-ஐ 200 மணி நேரத்துக்கு மேல பாத்துத்தான் 2024-ல தாரைகளைப் பிரிச்சுக் காட்டுச்சு.

ஜூலையில கச்சான் (தென்மேற்குக் காத்து) வேற. மணலும் உப்பும் அலுமினியப் பூச்சை அரிச்சுடும்.

பாம்பன்_ராத்திரி:
சரி, ஆடி வேண்டாம். தண்ணித் தொட்டி வச்சு துகளையே எண்ணினா?

தொட்டியும்_துகளும்:
கடல்மட்டத்துல ஆகாது. 100 டெரா எலக்ட்ரான்வோல்ட் காமாவோட துகள் மழையே 5, 6 கி.மீ. உயரத்துல உச்சம் தொட்டு, அப்புறம் தேயும். இங்க வந்து சேர்றது மிச்சசொச்சம். அதனாலதான் துகளை எண்ணுற ஆய்வகங்கள்ல மெக்சிகோவுல ஹாக் 4100 மீட்டர்லயும் சீனாவுல லாசோ 4410 மீட்டர்லயும் இருக்கு.

கை துறுதுறுன்னா காமாபைங்கிற காமா வானியல் நிரலை இறக்கி, ஹெஸ் 2018-ல பொதுவுல விட்ட தரவுல கிராப் நெபுலாவை (பளிச்சுன்னு தெரியுற காமா மூலம்) போட்டுப் பாருங்க. மூலத்தைச் சுத்தி சின்ன வட்டம். மூலம் இல்லாத வெற்று வானத்தை எண்ணுற பின்னணி வட்டங்களைக் கேமரா மையத்துல இருந்து அதே தூரத்துல வைங்க, ஓரத்துக்குப் போகப்போக கேமரா பிடிக்கிற அளவு குறையுங்கிறதால. மூல வட்டத்து எண்ணிக்கையில இருந்து பின்னணியைக் கழிச்சு மிச்சம் வந்ததும் துள்ளக்கூடாது, அது தற்செயலா இல்லையான்னு கணக்குப் போடுற லி-மா சூத்திரத்துல 5 சிக்மா தாண்டணும்.

எஸ்எஸ் 433 மாதிரி இடத்துல பலரும் சறுக்குறது பின்னணியிலதான். ஒன்றரை டிகிரி பக்கத்துல எம்ஜிஆர்ஓ ஜே1908+06-ங்கிற இன்னொரு காமா மூலம் பெருசா விரிஞ்சு கிடக்கு. பேருலயே எம்ஜிஆர், கூட்டமும் அங்கதான். அதை மறைக்காம பின்னணி எடுத்தா கழிக்கிற அளவு கூடி, எஸ்எஸ் 433-ன் தாரை காணாமப் போயிடும்.

கச்சான்காத்து:
கருந்துளையும் விண்மீனும் சேர்ந்த ஒரு ஜோடியைக் கண்ணால பாக்கணும்னா சிக்னஸ் எக்ஸ்-1. கருந்துளை தெரியாது, அதோட துணை விண்மீன் 9-ம் பொலிவு (வெறுங்கண்ணுக்கு எட்டாது), பைனாகுலர்லயே தெரியும்.