கொங்கன் கரையோரம் வண்டியிலேயே குடித்தனம்: வழியில் சந்தித்தவர்கள்

பயணத்துல வழியில சந்திச்சவங்களைப் பத்தி எழுதற இந்தத் திரியில ஏற்கெனவே யானை, பாம்பு, பேய் கதை எல்லாம் வந்து போயிடுச்சு. என் பங்குக்கு மனுஷங்களைப் பத்தி எழுதுறேன்.

எங்களுக்குத் தூத்துக்குடி. வீட்டுக்காரர் விருப்ப ஓய்வு வாங்கின வருஷம், தீபாவளி முடிஞ்ச கையோட எங்க மாருதி ஈகோ வேனை எடுத்துட்டு மகாராஷ்டிரா கரைக்குக் கிளம்பினோம். அலிபாக்ல ஆரம்பிச்சு முருட், திவேஆகர், ஸ்ரீவர்தன், ஹர்ணை, குஹாகர், ரத்னகிரி, தேவ்கட், மால்வண்னு கடலை விட்டு விலகாம இறங்கி, பங்குனி வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பிச்சப்போ கோவாவுக்குள்ள நுழைஞ்சோம். மும்பை–கோவா நெடுஞ்சாலையில போனா ஒரு நாள்ல முடியற தூரம். கரையோரமா போனா ரெண்டு ஊருக்கு நடுவுல ஒரு கழிமுகம் குறுக்கே வந்து நிக்கும். பாலம் இல்லாத இடத்துல வண்டியையும் ஏத்திக்கிட்டுப் போற ஜங்கார் படகுதான் கதி. அகர்தண்டா–திகி, பாக்மாண்ட்லா–வேஷ்வி, தாபோள்–தோபாவே, தவ்சால்–ஜெய்கட் இந்த நாலுலயும் ஏறி இறங்கினோம். தண்ணி வத்தியிருக்கிற நேரம் போனா சாய்தளம் செங்குத்தா இருக்கும், ஈகோவுக்கு அடி தட்டும். ஏறியிருக்கிற நேரம் போனா வழுக்கிக்கிட்டு உள்ள போயிடலாம்.

வண்டியைப் பத்தி நிறைய பேர் கேட்பீங்க, அதனால முதல்லயே சொல்லிடறேன். வண்டியோட மூல அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால நாங்க எதையும் வெட்டவும் இல்ல, ஒட்டவும் இல்ல. பின்னால சாமான் வைக்கிற இடத்துல பிளைவுட் பலகைக் கட்டில், அதைப் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டியிருந்தோம். அடியில பாத்திரம், அரிசி, அஞ்சு கிலோ சிலிண்டர், ரெண்டு இருபது லிட்டர் கேன். மேல தார்ப்பாய். ராத்திரி காத்து வேணும்னா கூடாரம், இல்லேன்னா வண்டி.

இன்னொன்னு, கிளம்பும்போது எல்லாரும் பார்த்துச் சிரிச்ச பொருள்: தினசரி காலண்டர். சஷ்டி, பிரதோஷம் தெரிய வேணாமான்னு நான் தான் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால தொங்க விட்டேன்.

ரேவ்தண்டா தாண்டி ஒரு கோளிவாடாவுல, அதாவது அவங்க மீனவர் தெருவுல, ஒரு மாவ்ஷி (மராத்தியில சித்தி, பெரியம்மா மாதிரி கூப்பிடறது) கூனி, அதாவது பொடி இறால், காயப் போட்டுக்கிட்டிருந்தாங்க. நாங்க தென்னந்தோப்புக்கும் கடலுக்கும் நடுவுல மணல்ல வண்டியை நிறுத்தறதைப் பார்த்துட்டு வேகமா வந்தாங்க. அவங்களுக்கு மராத்தி, எனக்கு அரைகுறை இந்தி. கையை நெத்தி உயரத்துக்குக் காட்டி ‘பர்த்தி, பர்த்தி’ங்கறாங்க. தண்ணி ஏறும்ங்கறாங்கன்னு புரிஞ்சுது. எப்போன்னு கேட்டேன். வானத்தைப் பார்க்கல, போனையும் பார்க்கல. வண்டிக்குள்ள எட்டிப் பார்த்து, தொங்கற காலண்டரைக் காட்டி, இன்னைக்கு என்ன திதின்னு கேட்டாங்க. ஏகாதசின்னேன். விரலை மடக்கி மடக்கி எண்ணிட்டு, எட்டேகால்னாங்க. எட்டேகாலுக்கு அலை சரியா தார் ரோட்டு விளிம்புக்கு ரெண்டு முழம் தள்ளி வந்து நின்னுச்சு.

கணக்கு இதுதான்: திதியோட எண்ணை (பிரதமை ஒண்ணு, சதுர்த்தி நாலு, ஏகாதசி பதினொண்ணு, இப்படி) எடுத்து முக்காலால பெருக்கணும். சதுர்த்தின்னா மூணு மணி, அஷ்டமின்னா ஆறு, ஏகாதசின்னா எட்டேகால், பௌர்ணமி அமாவாசைக்குப் பதினஞ்சு முக்கால் பதினொண்ணேகால். பகல்ல ஒரு தடவை, ராத்திரியில ஒரு தடவை அந்த நேரத்துக்குக் கடல் முழுசா ஏறி நிக்கும். அங்கிருந்து ஆறு மணி நேரம் கழிச்சு முழுசா வத்தியிருக்கும். நிமிஷக் கணக்குக்குத் துல்லியம் இல்ல, அரைமணி முன்னப்பின்ன இருக்கும். ஆனா ராத்திரி எங்க படுக்கறதுன்னு முடிவு பண்ண இது போதும். வழி நெடுக தினமும் காலண்டர் தாளைக் கிழிச்சு, முதல்ல திதியைப் பார்த்துட்டுத் தான் காபியே.

கிழக்குக் கரை ஆளுங்களுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்னு தோணலாம். எங்க ஊர்ப் பக்கம் ஏத்த வத்தம் ஒரு மீட்டருக்குள்ள அடங்கிடும். மும்பை, அலிபாக் பக்கம் பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டருக்கு மேல போகும். தெற்கே கோவாவை நெருங்க நெருங்கக் குறையும். அலிபாக்ல கடலுக்குள்ள இருக்கிற கொலாபா கோட்டைக்குக் காலையில நடந்து போய், மதியம் திரும்பறதுக்குப் படகு தேடறவங்களைப் பார்க்கலாம். அஷ்டமி நவமியை ஒட்டிக் கடல் சோம்பேறி, ஏத்தமும் இறக்கமும் மத்த நாளைவிடக் குறைவு. அந்த ரெண்டு மூணு நாள்தான் நாங்க மணலை ஒட்டிக் கூடாரம் போடுவோம்.

கணபதிபுலேக்கு வடக்க, மால்குண்ட் பக்கம் சங்கடஹர சதுர்த்தி அன்னைக்கு ஒரு கூத்து. அங்க பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டம். காலையில ஒன்பதுக்குக் கடல் எங்கேயோ போயிடுச்சு, மணல் சிமெண்ட் தரை மாதிரி கெட்டியா கிடக்கு. புனே நம்பர் பிளேட்டோட ஒரு பெரிய வண்டி, உள்ள நாலு பசங்க, கரையில வட்டம் அடிக்கறாங்க. இவர் போய், ‘தம்பிகளா, மூணு மணிக்கு முழுசா ஏறிடும், பன்னெண்டுக்குள்ள மேல வந்துடுங்க’ன்னு சொன்னார். தலையாட்டிட்டு செல்ஃபி எடுக்கப் போயிட்டாங்க. நான் அன்னைக்குத் தான் ஒண்ணைக் கவனிச்சேன். தண்ணி கடல் பக்கத்துலேர்ந்து நேரா வரல. கரைக்கும் வண்டிக்கும் நடுவுல தாழ்வா ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கும், அதுக்குள்ள பக்கவாட்டுல முதல்ல நிரம்புது. முன்னால காய்ஞ்சு கிடக்கிற மணலைப் பார்த்துக்கிட்டே இருந்தா, பின்னால வழி போயிருக்கும். அவங்க கிளப்பினப்போ சக்கரத்தைச் சுத்தி மணல்ல நீர் ஊறி, மிதிக்க மிதிக்க இறங்குது. ஊர்க்காரங்க டிராக்டர் கொண்டு வந்து கயிறு கட்டி இழுக்கறதுக்குள்ள ஹெட்லைட் வரைக்கும் உப்புத் தண்ணி. உயிருக்கு ஒண்ணுமில்ல, வண்டிக்குத் தான் ஆயுசு போச்சு. கரைக்குள்ள வண்டியை இறக்கறதே தப்புங்கறது என் கட்சி. மணலுக்குள்ள நண்டு வளை, ஆமை முட்டைன்னு ஆயிரம் இருக்கு.

போலீஸ்காரர் கதை ஸ்ரீவர்தன் பக்கம். திவேஆகர்லேர்ந்து ஸ்ரீவர்தன் வரைக்கும் ரோடு கடலைத் தொட்டுக்கிட்டே போகும், எனக்குத் தெரிஞ்சு அந்தக் கரையில இதைவிட அழகான ரோடு கிடையாது. ஷேகாடியில வண்டியை ஓரங்கட்டி உலை வச்சேன். ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடிச்சு எழுப்பினாங்க. தமிழ்நாட்டு நம்பர், கரையில தூங்குற ரெண்டு பேர், ஆதாரைக் காட்டு, பலகையைத் தூக்கு. எனக்கு எரிச்சல் தான். அப்புறம் அவரே நிதானமா சொன்னார்: 1993ல மும்பையில வெடிச்ச குண்டுகளுக்கான ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து இறங்கினது இந்த ஷேகாடியில. 2022 ஆகஸ்ட்ல ஹரிஹரேஷ்வர் கரையில துப்பாக்கிகளோட ஆளில்லாத படகு ஒண்ணு ஒதுங்குச்சு. அது தெரிஞ்சப்புறம் எனக்குக் கோபம் வரல. நாங்களே போய் ஒவ்வொரு ஊர்லயும் முதல்ல காவல் நிலையத்துல பேரும் வண்டி நம்பரும் எழுதிக் கொடுத்துட்டு வர ஆரம்பிச்சோம். அதுக்கப்புறம் ராத்திரி டார்ச் வந்தா, ‘டீ குடிச்சீங்களா’ன்னு கேட்கறதுக்குத் தான்.

பெண்கள் கேட்கற கேள்விக்கு வர்றேன். கழிப்பறை. கோயில் பக்த நிவாஸ் (பக்தர்கள் தங்கற விடுதி), பெட்ரோல் பங்க், அரசு பஸ் நிலையம், இந்த வரிசையில தேடுங்க. வேளாஸ் மாதிரி ஊர்ல ஒரு வீட்டு முற்றத்துக்குக் காசு கொடுத்து வண்டியை நிறுத்தினா, கிணத்துத் தண்ணியும் குளியலறையும் கிடைக்கும், அந்த வீட்டு மாவ்ஷி கையால சோலகடியும் (கோகமும் தேங்காய்ப் பாலும் கலந்த பானம்) கிடைக்கும். நாங்க வேளாஸ்ல தங்கினது ஆமைக் குஞ்சுக்காக. ஆமை முட்டையைப் பாதுகாக்கறது சிப்ளூண்லேர்ந்து சஹ்யாத்ரி நிசர்க மித்ரா அமைப்பு 2002ல அங்க ஆரம்பிச்ச வேலை. முட்டை எடுத்து வித்த ஊரே இப்போ வேலி போட்டுக் காவல் காக்குது. சென்னையில ஆமை நடை போனவங்களுக்குப் புதுசு இல்ல, ஆனா ஊரே சேர்ந்து விருந்தாளி வச்சுக்கறது புதுசு.

ஹர்ணையில சாயங்கால மீன் ஏலம், படகுலேர்ந்து மாட்டு வண்டி தண்ணிக்குள்ள இறங்கி மீனைச் சுமந்துட்டு வரும். போனா பாருங்க, வார்த்தையில சொல்லி ஆகாது.

கடைசியா தேவ்கட். துறைமுகத்துக்கு மேல மேட்டுல வண்டியை நிறுத்தி, துணி காயப் போட்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு குரல்: ‘எக்கா, தூத்துக்குடி வண்டியா?’ TN 69 பார்த்துட்டு ஏறி வந்திருக்காப்ல. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கத்துப் பையன். அவங்க விசைப்படகு ஆழ்கடல் சுறாவுக்கும் சூரைக்கும் போறது, மாசக்கணக்கா கரையைப் பார்க்காம. ஐஸும் டீசலும் ஏத்த உள்ள வந்திருக்கு. இவர் டீ போட்டுக் கொடுத்தார். அந்தத் தம்பி உட்கார்ந்த இடத்துலேர்ந்து துறைமுகத்தையே பார்த்துக்கிட்டு, ‘ஒக்கியில நாங்க இங்க தான் ஒதுங்கினோம்’னான். 2017 நவம்பர் கடைசியில வந்த ஒக்கி புயல். குமரிக்கும் கேரளாவுக்கும் போக வேண்டிய படகுகள் காத்துல தள்ளிக்கிட்டு வந்து சிந்துதுர்க் கரையில ஏறினதைப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. வீட்டுல இவன் செத்துட்டான்னே நினைச்சு ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தாங்களாம். இங்க ஒரு வீட்டுல போன் கொடுத்து, குளிக்க வெந்நீர் வச்சு, சட்டை கொடுத்திருக்காங்க. ஒவ்வொரு தடவை ஐஸ் ஏத்த வரும்போதும் அந்த வீட்டுக்கு ஒரு மீன் கொண்டு போய்க் கொடுப்பானாம். அன்னைக்கு எங்களுக்கும் ஒரு சூரை. காசு எடுத்ததுக்கு, ‘அக்கா, டீக்கு நான் காசு தந்தேனா?’ன்னு எழுந்து போயிட்டான்.

அதை நான் தேங்காய் அரைச்சுக் குழம்பு வச்சேன், பக்கத்துக் குடிசைக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். திரும்பி வந்த கிண்ணத்துல அம்போளி, அதாவது அவங்க ஊரு தோசை, இருந்துச்சு.

மறுமொழி: நாமக்கல் பொண்ணு

அக்கா, அருமை. நானும் என் வீட்டுக்காரரும் கார்வார்லேர்ந்து குந்தாபுரா வரைக்கும் இதே மாதிரி கூடாரத்தோட போயிட்டு வந்தோம். மரவந்தேயில ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சௌபர்ணிகா, நடுவுல 66ஆம் நெடுஞ்சாலை. படுக்க இடம் தேடறப்போ பங்க்ல ஒரு அண்ணன், ‘KAயா? வண்டி தான் KA, நீங்க நம்ம ஊரு மாதிரி பேசறீங்க’ன்னு வந்தார். பார்த்தா நாமக்கல் லாரி. எங்க அப்பாவும் லாரி தான்னதும் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து அடுப்பைப் பத்த வச்சுட்டார். ரசமும் சோறும்.

அவர் சொன்னதை எல்லாருக்கும் சொல்றேன்: தனியா நிக்காதீங்க, லாரி வரிசையில நில்லுங்க, மூக்கு ரோட்டைப் பார்த்து இருக்கணும், எந்த நேரத்துலயும் ஒரே கியர்ல வெளியேறணும். அப்புறம் கொங்கன் ரயில்ல லாரியையே ரயில் மேல ஏத்திட்டுப் போறாங்களே, 1999லேர்ந்து நடக்குது, அதுல கோலாட்லேர்ந்து சூரத்கல் வரைக்கும் அவர் தன் லாரி கேபின்லயே உட்கார்ந்துக்கிட்டு வருவாராம். ஸ்டியரிங்ல கையை வைக்காம கடலையும் சுரங்கத்தையும் பார்த்துக்கிட்டு வர்ற சுகத்தை அவர் சொல்லிக் கேட்கணும்.

மறுமொழி: மண்டபம் ஆளு

திதிக் கணக்கு எங்க ராமேஸ்வரம் பக்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமா ஒத்துப் போகல. ஏன்?

தூத்துக்குடி அக்கா

ஒத்துப் போகாது தம்பி. கொங்கன் கரையில பௌர்ணமி அமாவாசைக்குக் கடல் உச்சிப் பொழுதை ஒட்டி ஏறி நிக்கும், அதனால தான் முக்கால் பெருக்கல் பொருந்துது. ஒவ்வொரு கரைக்கும் அந்த நேரம் வேற. உங்க ஊர்ப் பெரியவர்கிட்ட அமாவாசை அன்னைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி நிறையும்னு கேளுங்க. அங்கேர்ந்து ஒரு திதிக்கு முக்கால் மணி நேரம் கூட்டிக்கிட்டே வாங்க. ஆனா உங்க பக்கம் ஏத்தம் ரொம்பக் கம்மி, காத்து அடிச்சாலே கணக்கு மாறிடும். அதுக்குத் திதியை விட வடக்கேயிருந்து வர்ற வாடைக்காத்தா, மேற்கேயிருந்து வர்ற கச்சான் காத்தான்னு பாருங்க.

நாமக்கல் பொண்ணு, அந்த அண்ணன் ரசத்துல என்ன போட்டார்னு கேட்டு எழுதும்மா. லாரி ரசம் வீட்டுல வச்சா வரவே மாட்டேங்குது.