சபைக் காணிக்கை யாருக்கு: உறுப்பினருக்கா, வாசலில் நிற்பவருக்கா?

பின்வரிசைக்காரன்:
போன வாரம் எங்கள் சபைக் கமிட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். சபைக்குப் பின்தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா உதவி கேட்டு வந்திருந்தார். கணவர் ஆஸ்பத்திரியில், வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி. அவர் எங்கள் சபை உறுப்பினர் இல்லை, கிறிஸ்தவரே இல்லை. நாற்பது நிமிடம் பேசினோம். கடைசியில், "நம் ஆட்களுக்கே செய்ய முடியவில்லை, ஜெபிக்கிறோம் என்று சொல்லி அனுப்பலாம்" என்று முடிவானது. அதே கூட்டத்தில் புது ஸ்பீக்கர் வாங்க ஐந்தே நிமிடத்தில் ஒப்புதல் கிடைத்தது. நானும் அங்கே வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். வருகிற காணிக்கையில் பத்தில் ஒரு பங்கைச் சபையைச் சுற்றிக் குடியிருப்பவர்களின் அவசரத் தேவைக்கு ஒதுக்க வேண்டும். எந்த மதம், எந்தச் சபை என்று கேட்கக் கூடாது. இது சரியா? எதிர்ப்பவர்களும் பேசுங்கள், அங்கே என்னென்ன கேள்வி வரும் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

முன்னாள்_பொருளாளர்:
எதிர்ப்பவன் நான்தான். பதினோரு வருடம் சபைப் பணத்தை எண்ணியவன்.

முதலில் வசனம். "யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும்" நன்மை செய்யுங்கள் என்கிறது கலாத்தியர் 6:10. அந்த 'விசேஷமாக' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் 5ஆம் அதிகாரம் இன்னும் கறார். விதவைகள் பட்டியலில் சேர்க்க வயது 60க்குக் குறையக் கூடாது, பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் அவர்கள்தான் முதலில் கவனிக்க வேண்டும், சபைமேல் பாரத்தை வைக்கக் கூடாது. ஆதிச் சபையிலேயே பட்டியல் இருந்தது, தகுதி இருந்தது, விசாரணை இருந்தது.

அடுத்து அனுபவம். ஒரு முறை உதவி கேட்டு ஒரு கடிதம் வந்தது. கையால் எழுதிய கடிதம் மாதிரி இருந்தது, உற்றுப் பார்த்தால் ஜெராக்ஸ். சபையின் பெயர் வரும் இடத்தை மட்டும் காலியாக விட்டு, பிறகு நீலப் பேனாவில் நிரப்பியிருந்தார்கள். அதே கடிதம் இன்னும் இரண்டு சபைகளுக்கும் போயிருந்தது. 'யார் என்று கேட்கக் கூடாது' என்று நீங்கள் தீர்மானம் போட்டால், முதலில் வந்து நிற்பது அந்த நீலப் பேனாக்காரர்தான்.

லீதியாள்:
பொருளாளர் ஐயாவுக்கு வணக்கம். நீலப் பேனா விஷயத்தை மறுக்கவில்லை. ஆனால் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாச் சபையிலும் முதலில் மல்கியா 3:10 வரும், "தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்". தசமபாகம் என்றால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. அந்தத் தசமபாகத்தின் இன்னொரு பாதியை யாரும் வாசிப்பதில்லை. உபாகமம் 14:28, 29 பாருங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தைத் தூரத்து ஆலயத்துக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. "உன் வாசல்களில்" வை என்கிறது. லேவியன் (ஆலயப் பணி செய்யும் கோத்திரத்தான்), பரதேசி (வேறு நாட்டிலிருந்து வந்து குடியிருப்பவன்), திக்கற்றவன், விதவை வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். இங்கே வாசல் என்பது ஊர் வாசல், அதாவது அந்தந்த ஊரிலேயே. பரதேசியும் அந்தப் பட்டியலில் இருக்கிறான், கவனியுங்கள். அவன் 'நம் ஆள்' இல்லை.

இன்னொன்று. மல்கியா 3:10ஐ மனப்பாடமாகச் சொல்பவர்கள் ஐந்து வசனம் மேலே போய் 3:5ஐயும் வாசிக்கலாம். கூலியைப் பிடித்தம் செய்கிறவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்கள், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவர்கள் என்று அங்கேயும் அதே ஆட்கள்தான். பண்டசாலையை மட்டும் பிடித்துக்கொண்டு அதை விட்டுவிட்டோம்.

எளிய_கேள்வி:
எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றுதானே இயேசு சொன்னார்? அந்த அம்மாவுக்கு வேண்டியதை நீங்களே நேரில் கொடுத்துவிட்டால் முடிந்தது. கமிட்டி, தீர்மானம், விழுக்காடு எல்லாம் எதற்கு? இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் யாரிடமும் ஒப்புதல் வாங்கவில்லையே.

முன்னாள்_பொருளாளர்:
எளிய_கேள்வி கேட்டது நல்ல கேள்வி. என் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். தனி மனிதன் வாசலைத் தாண்டித் தாராளமாகக் கொடுக்கட்டும், பொதுப் பணம் பொதுக் கடமைக்குப் போகட்டும். காணிக்கைப் பையில் விழுவது என் பணம் இல்லை. வேறு யாரோ வயிற்றைக் கட்டிப் போட்டது.

லீதியாள் சிஸ்டர் 'உள்ளூர், உள்ளூர்' என்கிறார். அப்படியென்றால் பவுல் ஏன் மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பணம் சேர்த்துக் கடல் தாண்டி எருசலேமுக்குக் கொண்டுபோனார்? புதிய ஏற்பாட்டில் விரிவாகப் பேசப்படும் ஒரே நிதி திரட்டல் அதுதான். போனதும் தூரத்துக்கு, அதுவும் பரிசுத்தவான்களில், அதாவது விசுவாசிகளில், தரித்திரருக்கு. கொடுத்த மக்கெதோனியரோ தாங்களே கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள். தங்கள் தெருவில் ஏழை இல்லாமலா அனுப்பினார்கள்?

லீதியாள்:
அது பலமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். நான் 'உள்ளூர் மட்டும்' என்று சொல்லவில்லை. தூரத்துக்கு அனுப்பப் பழகிய நம் கை வாசலுக்கு வந்தால் மட்டும் மடங்கிவிடுகிறதே, அதைத்தான் சொல்கிறேன். தூரத்து ஏழையை நேரில் பார்க்க வேண்டியதில்லை. அவர் நம் வாசலில் வந்து நின்று நம்மைச் சங்கடப்படுத்தவும் மாட்டார்.

'சபைப் பணம் சபையாருக்கு' என்பது ஆதி வழக்கமும் இல்லை. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் ஞாயிறு ஆராதனையை விவரிக்கும்போது, சேர்ந்த காணிக்கை சபைத் தலைவரிடம் போகும், அவர் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வந்து தங்கியிருக்கும் அந்நியர்கள் எல்லாரையும் கவனிப்பார் என்று எழுதுகிறார். 252 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கொள்ளைநோய் பரவியது. அதற்கு ஓரிரு வருடம் முன்புதான் ரோமப் பேரரசர் தேசியு காலத்தில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். அந்த நகரின் பேராயர் சிப்பிரியான், நம்மவர்களுக்கு மட்டும் செய்வதில் என்ன பெருமை என்று கேட்டு, கிறிஸ்தவர் அல்லாத அண்டை வீட்டாரையும் கவனிக்கச் சொன்னார். 362 வாக்கில் ரோமப் பேரரசர் யூலியான், கிறிஸ்தவத்தைப் பிடிக்காதவர், கலாத்தியாவில் இருந்த தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று எரிச்சல்பட்டார். பகைவரே கொடுத்த சான்றிதழ் அது. இன்றைக்கு நம் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து யார் எரிச்சல்படப்போகிறார்கள்?

முன்னாள்_பொருளாளர்:
சரித்திரத்தை நானும் கொஞ்சம் புரட்டியிருக்கிறேன் சிஸ்டர். 251இல் ரோம் பேராயர் கொர்நேலியு தன் சபையைப் பற்றி எழுதும்போது 46 மூப்பர்கள், 7 டீக்கன்கள் என்று ஆரம்பித்து, சபை தாங்கும் விதவைகளும் வறியவர்களும் 1500க்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார். எண்ணிக்கை சொல்ல முடிகிறது என்றால் யார் யார் என்று தெரிந்து வைத்திருந்தார்கள் என்றுதான் அர்த்தம். கேட்காமல் கொடுத்தால் எண்ண முடியாது.

ஆணித்தரம்:
இவ்வளவு பேச்சு தேவையே இல்லை. "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது." 2 தெசலோனிக்கேயர் 3:10. கொடுத்துக் கொடுத்துச் சோம்பேறிகளை வளர்க்கிறோம்.

எளிய_கேள்வி:
பிரதர், நீங்கள் எழுதிய வசனத்தையே மெதுவாக இன்னொரு முறை வாசியுங்கள். 'மனதில்லாதிருந்தால்'. வேலை இல்லாதிருந்தால் என்று இல்லை, முடியாதிருந்தால் என்றும் இல்லை. கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இந்த வசனமா?

பெயர்_வேண்டாம்:
ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன். இன்றைக்கு எழுதுகிறேன், ஏனென்றால் பேசுகிற எல்லாரும் கொடுப்பவர்களாகவே இருக்கிறீர்கள். நான் வாங்கியவள்.

இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முதல் முறை ஆராதனை முடிந்ததும் முன்னால் கூப்பிட்டார்கள். ஒரு கையில் பை, ஒரு கையில் கவர். போட்டோ எடுப்பவர், "கவரைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடியுங்கள், கொடுப்பவர் முகம் மறைகிறது" என்றார். தூக்கிப் பிடித்தேன். அடுத்த வாரம் அந்தப் போட்டோ திரையில் வந்தது. என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் நான்கு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. உதவி பெற்ற பிறகு ஆராதனைக்கு வருவதில்லை, நன்றியில்லாதவள் என்று பேசிக்கொண்டார்களாம்.

இரண்டாவது முறை வேறு சபை, நான் உறுப்பினரும் இல்லை. மகளின் பள்ளிக் கட்டணத்தை ஒரு மூப்பர் நேராகப் பள்ளி அலுவலகத்தில் கட்டிவிட்டார். ரசீது ஒட்டிய கவரில் வீட்டுக்கு வந்தது. உள்ளே வேறு எதுவும் இல்லை, வசனச் சீட்டுகூட இல்லை. யார் என்று பிறகுதான் தெரிந்தது. பொருளாளர் ஐயா, அவர்களும் விசாரித்துத்தான் செய்தார்கள். பள்ளியில் கேட்டிருக்கிறார்கள், என் வாடகை வீட்டின் உரிமையாளரிடம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் என்னை நிற்கவைத்துக் கேட்கவில்லை.

முன்னாள்_பொருளாளர்:
அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அந்த மாதிரி போட்டோக்களுக்கு நானும் பில் பாஸ் செய்திருக்கிறேன். 'காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்' என்பதுதான் அன்றைக்கு நான் சொன்ன காரணம்.

அந்தக் காரணத்தை முழுசாக விட்டுவிடவும் முடியவில்லை. பவுல் எருசலேம் பணத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களையும் கூட்டிப் போனார். தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றப்படுத்தக் கூடாது, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் காரணமும் சொல்கிறார். கணக்குக் காட்டத்தான் வேண்டும். 'இந்த மாதம் மூன்று வீட்டு வாடகை, இரண்டு பேருக்கு மருந்து' என்று எண்ணிக்கையைப் போட்டு, பில்லைப் பூட்டிய அலமாரியில் வைத்தால் அதுவும் கணக்குத்தான். பெயர் தணிக்கையாளருக்குத் தெரிந்தால் போதும். இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பின்வரிசைக்காரன்:
பெயர்_வேண்டாம் அக்கா, எழுதியதற்கு நன்றி. தீர்மானத்தை இப்படி மாற்றியிருக்கிறேன். பணம் கையில் போகாது, வீட்டு உரிமையாளருக்கோ பள்ளிக்கோ மருந்துக் கடைக்கோ நேராகப் போகும். படம் கிடையாது. இரண்டு பேர் வீட்டுக்குப் போய் விசாரிப்பார்கள், அதில் ஒருவராவது பெண். உதவி பெற்றவர் ஆராதனைக்கு வர வேண்டும் என்று யாரும் மறைமுகமாகக்கூடச் சொல்லக் கூடாது.

ஆணித்தரம்:
கடைசி வரி எதற்கு? சுவிசேஷம் சொல்லக் கூடாதா? வயிற்றை மட்டும் நிரப்பி அனுப்புவதற்குச் சபை எதற்கு?

லீதியாள்:
பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருவன், அவனும் யூதர்கள் அந்நியனாக நினைத்த சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார்தான். ஆனால் அந்த ஒன்பது பேரின் சுகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கேட்பவருக்குச் சுவிசேஷம் சொல்லுங்கள் பிரதர், வாடகை ரசீதோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுக்காதீர்கள்.

பின்வரிசைக்காரன் தம்பி, விசாரிக்கும் அந்த இரண்டு பேரில் ஒருவர் பின்தெருவிலிருந்தே இருக்கட்டும். அப்போஸ்தலர் 6இல் கிரேக்க மொழி பேசும் விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயரையும் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இன்றைக்கு எந்தக் கமிட்டி அப்படிச் செய்யும்?

முன்னாள்_பொருளாளர்:
பத்தில் ஒரு பங்கு என்பதற்கு இன்னமும் நான் எதிர்ப்புதான். விழுக்காடு போட்டால் வருடக் கடைசியில் மீதிப் பணத்தைச் செலவழிக்க ஆள் தேடுவார்கள், இல்லையென்றால் ஸ்பீக்கருக்குத் திருப்புவார்கள். தனியாக ஒரு நிதி, தனியாக ஒரு காணிக்கை, மாதம் ஒரு ஞாயிறு. விரும்பியவர் போடட்டும்.

பின்வரிசைக்காரன்:
தனிக் காணிக்கை என்றால் வருவது சில்லறைதான் ஐயா. சபையின் மனசு எங்கே என்பது பொதுக் கணக்கில்தான் தெரியும். ஸ்பீக்கருக்கு யாரும் தனிக் காணிக்கை எடுக்கவில்லையே.

எளிய_கேள்வி:
அதெல்லாம் சரி. அந்த அம்மாவுக்கு இப்போது என்ன ஆயிற்று?

பின்வரிசைக்காரன்:
கூட்டம் முடிந்து இரண்டாம் நாள் நானே போய் வீட்டு உரிமையாளரிடம் வாடகை கட்டிவிட்டேன். இங்கே சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், கேட்டதால் சொல்கிறேன்.

முன்னாள்_பொருளாளர்:
பார்த்தீர்களா தம்பி, நான் ஆரம்பத்திலிருந்து சொன்னதும் இதைத்தான். தனி மனிதனே செய்துவிட்டீர்கள், தீர்மானம் இல்லாமலே வேலை நடந்துவிட்டது.

பின்வரிசைக்காரன்:
என்னால் கட்ட முடிந்தது ஒரு மாதம்தான் ஐயா. பாக்கி இருந்ததோ இரண்டு மாதம்.