சாமி மாடம் மாட்டணும், கருவி சுவர் முழுக்கக் கத்துகிறது, எங்கே துளை போடுவது?

பொங்கோல்வாசி:
வணக்கம் அண்ணன்மார்களே. சிங்கப்பூரில் மறுவிற்பனையில் வாங்கிய வீவக வீடு (அரசு அடுக்குமாடி). சமையலறைச் சுவரில் சாமி மாடம் மாட்டணும், நல்ல கனம். அதே சுவரில் கீழே ஒரு பிளக் பாயிண்ட், மறுபக்கம் குளியலறை. வயர் தேடும் கருவியை எங்கே வைத்தாலும் கத்துகிறது. மெயினை அணைத்துவிட்டுத் தேடு என்கிறார் நண்பர். சரியா?

வயரிங்வேலை:
தேடும்போது அணைக்காதீங்க தம்பி. வயரைக் காட்டும் முறை, வயரில் 230 வோல்ட் இருந்தால்தான் வேலை செய்யும். விளக்கு வயரைத் தேடினால் விளக்கையும் போட்டு வையுங்க. துளை போடும்போதுதான் டிபி பெட்டியில் (வீட்டு மெயின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) அணைக்கணும், பேட்டரி டிரில்லால் போடணும்.

எங்கும் கத்துவது பெரும்பாலும் காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியால். உலோகம் தேடும் முறையில் சாதாரணக் கருவி அதையும் வயரையும் பிரித்துச் சொல்லாது. அதனால் கருவி என்ன சொன்னாலும் பாயிண்டுக்கு நேர் மேலேயும் கீழேயும், அதே உயரத்தில் இடம் வலமாகவும் கை வைக்காதீங்க. வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும், ஆனால் முந்தைய வீட்டுக்காரர் ரெனவேஷனில் குறுக்கே இழுத்திருந்தால் யாருக்குத் தெரியும்? ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்றும் துணியாதீங்க, 30 மில்லி ஆம்பியர் அளவில் கசிவு இருந்தால்தான் அது விழும், லைவ் நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் அதற்குத் தெரியாது.

குழாய்வேலை:
கதவு ஓரத்திலிருந்து ஷவர், பைப் எல்லாம் எவ்வளவு தூரம் என்று குளியலறைக்குள் அளந்து, அதே அளவைச் சமையலறைப் பக்கம் பென்சிலால் குறிங்க. வெளியே பைப் தெரியவில்லை என்றால் சுவருக்குள் மறைத்திருக்கலாம். செம்பு, எஃகு என்றால் கருவி காட்டும், பிளாஸ்டிக் பைப்பைச் சாதாரணக் கருவி காட்டாது. தண்ணீர் மீட்டர் பக்கத்து வால்வை எப்படி மூடுவது என்று டிரில்லைத் தொடுமுன் பார்த்து வைங்க.

பொங்கோல்வாசி:
மின்சாரத்தோடு தேடினேன், பாயிண்டிலிருந்து நேர் மேலே ஒரே கோடாகக் காட்டுகிறது. அளந்து பார்த்தால் ஷவர் பைப் மாடத்தின் இடது ஓரத்தில் வருகிறது. வலது பக்கம் தள்ளி மாட்டலாமா?

வயரிங்வேலை:
அந்தக் கோடும் ஷவர் குறியும் இரண்டுமே துளை போடும் இடத்திலிருந்து தள்ளி இருந்தால் மாட்டலாம். பிட்டில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறிச்சு, மெதுவா ஆரம்பிங்க. தூளோடு வெள்ளைப் பிளாஸ்டிக் துருவல் வந்தாலோ தூள் ஈரமாக வந்தாலோ உடனே நிறுத்துங்க. வயரில் பட்டுவிட்டால் மின்சாரத்தைத் திரும்பப் போடாதீங்க, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

குழாய்வேலை:
வலது பக்கமும் சந்தேகமாக இருந்தால் தரையில் நிற்கிற மாடமாகவே வாங்கிடுங்க தம்பி. விளக்கேற்றுகிற இடம், சுவருக்குள் என்ன இருக்கிறதோ என்ற பயம் அங்கே வேண்டாம்.